கறுப்பு கோட்டுக்குள் ஒரு தேர்தல்: பார் கவுன்சிலுக்கு நிற்பவர்கள் கவனத்துக்கு

ஃபீஸ் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராத வக்கீல் மீது கட்சிக்காரர் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், பெரும்பாலும் "பார் கவுன்சிலுக்குப் போங்க" என்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் அந்த அலுவலகத்தில், புகாரை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு மூன்று பேர். அதில் இருவர் பார் கவுன்சிலின் உறுப்பினர்கள். மூன்றாமவரையும் அந்தக் கவுன்சிலே வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும். வக்கீலைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். புதிதாகச் சட்டம் படித்து வருபவரைப் பதிவு செய்வதும் பார் கவுன்சில்தான்.

இப்படிப்பட்ட அதிகாரம் உள்ள இடத்துக்கு வக்கீல்களே ஓட்டுப் போட்டு வக்கீல்களை அனுப்புகிறார்கள். ஆகவே இதை அவர்கள் வீட்டு விவகாரம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட முடியாது. வக்கீல்களோ, ஊருக்கெல்லாம் தேர்தல் வழக்கு நடத்துபவர்கள், தங்கள் தேர்தலின் விதிகளை மட்டும் கடைசி வாரத்தில் புரட்டிப் பார்ப்பார்கள். பார் கவுன்சிலுக்கு நிற்க ஆசைப்படுபவர் பலர் ஓட்டு எண்ணும் மேசையில் தோற்பதில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஒரு ரசீது இல்லாமலோ ஒரு கடிதம் எழுதாமலோ தோற்றுவிடுகிறார்கள். எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது, எப்போது தட்டுவது என்று தெரியாததுதான் இங்கே பெரிய ஆபத்து. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எத்தனை இடம், யார் நிற்கலாம்?

வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 3வது பிரிவு கணக்கைச் சொல்லிவிடுகிறது. வாக்காளர்கள் 5,000 வரை என்றால் 15 உறுப்பினர்கள், 10,000 வரை என்றால் 20, அதற்கு மேல் போனால் 25. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 25 பேர். அட்வகேட் ஜெனரல் தேர்தல் இல்லாமல் பதவி வழியில் உறுப்பினர். சென்னை, மதுரை வக்கீல்கள் மட்டுமில்லாமல் காரைக்கால், மாஹே, ஏனாம் வக்கீல்களும் இதே 25 பேருக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். தனித்தனித் தொகுதி என்று எதுவும் கிடையாது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி.

தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குறைந்தது 10 ஆண்டு வக்கீலாகப் பதிவில் இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பத்து வருடம் ஆகாதவர் நிற்கவே முடியாது என்று ஜூனியர்களிடம் சொல்லி வைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மீதிப் பாதி அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. சேம்பரில் சீனியர் "உனக்கெல்லாம் எதுக்குப்பா" என்றால், 3வது பிரிவின் வாசகத்தைக் காட்டலாம். காட்டிய பிறகும் சேம்பரில் இருக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர்கள் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 டிசம்பரில், மாநில பார் கவுன்சில்களிலும் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சொல்லி, அப்போதைக்கு 20 சதவீதத்தைத் தேர்தல் மூலமும் 10 சதவீதத்தை நியமனச் சேர்க்கை மூலமும் நிரப்பலாம் என்று வழி காட்டியது. அறுபது ஆண்டுக்கு மேல் யாரும் கேட்காமல் இருந்த கேள்வி இது. நிற்கப்போகும் பெண் வக்கீல்கள் தங்கள் தேர்தலின் அறிவிக்கையில் இந்த ஒதுக்கீடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் படிக்க வேண்டும். எழுதப்படவே இல்லை என்றால் அன்றைக்கே எழுத்தில் கேட்க வேண்டும்.

பதவிக்காலம் ஐந்து ஆண்டு. இந்திய பார் கவுன்சில் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குள் தேர்தல் நடக்காவிட்டால் அட்வகேட் ஜெனரல் தலைமையில் சிறப்புக் குழு பொறுப்பேற்க வேண்டும் என்பது 8-ஏ பிரிவு. ஏட்டில் இருப்பது இவ்வளவுதான். நடந்தது என்னவென்றால், தமிழ்நாட்டில் 2018-ல் தேர்தல் நடந்தது, 2023-ல் காலம் முடிந்தது. வக்கீல்களின் சான்றிதழ் சரிபார்ப்புப் பணி முடியவில்லை என்ற காரணத்தால் பல மாநிலங்களில் பழைய கவுன்சில்களே தொடர்ந்தன. கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2026 ஜனவரி 31-க்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் கெடு வைத்தது. பிறகு மாநிலங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓய்வு பெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் நடத்தச் சொன்னது. பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் வராவிட்டால் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ரிட் போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் வேண்டாம்.

பட்டியல்தான் முதல் சண்டை

பார் கவுன்சிலில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று, என்ரோல்மென்ட் செய்த அனைவரும் இருக்கும் பதிவுப் பட்டியல். இன்னொன்று, ஓட்டுப் போடவும் நிற்கவும் தகுதி உள்ளவர்களின் வாக்காளர் பட்டியல். முதல் பட்டியலில் எண் இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டாவதிலும் இருப்போம் என்று நம்புவதுதான் வழக்கமான தவறு.

இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி இரண்டாவது பட்டியலிலிருந்து பெயர் போவதற்குப் பல வழிகள். பெயர் எப்போதாவது பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் போகும். தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டிருந்தால், அந்தத் தடைக்காலம் முடிந்து ஐந்து ஆண்டு வரை போகும். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டு வரை வர முடியாது. கடன் தீராத நொடிப்பாளர், முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்துவிட்டவர், தானாகவே தொழிலை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கியதைத் தெரிவிக்காதவர், விதிப்படியான சந்தாவைக் கட்டாதவர் எல்லோருக்கும் இதே கதி. 2009–10 கல்வியாண்டு முதல் பட்டம் வாங்கியவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வை நடத்தும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டதால், இனி அதில் வாதாட ஒன்றும் இல்லை.

இவற்றில் பெரிய குற்றங்களைவிடச் சின்ன விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. இரண்டு ஆண்டு ஒரு வங்கியில் சட்ட அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு மீண்டும் கோர்ட்டுக்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். வேலையில் சேரும்போது தொழிலை நிறுத்தி வைக்கும் கடிதம் கொடுத்திருப்பார். திரும்பி வந்தபோது கோட்டை மாட்டிக்கொண்டு வக்காலத்து போடத் தொடங்கியிருப்பார். தொழிலை மீண்டும் தொடங்குவதற்கான மனு மட்டும் போட்டிருக்க மாட்டார். அவர் வாதாடி ஜெயித்த வழக்குகள் நூறு இருக்கலாம். பட்டியலில் அவர் பெயர் இருக்காது. கர்நாடகத்தில் பதிவு செய்து சென்னையில் தொழில் செய்பவருக்கும் இதே சிக்கல்தான். ஒருவர் ஒரு மாநிலப் பட்டியலில்தான் இருக்க முடியும். 18-வது பிரிவின்படி கட்டணமில்லாமல் பதிவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பில் பல்கலைக்கழகம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. போலி வக்கீல்களைக் களையும் அந்தப் பணிக்குப் பல்கலைக்கழகங்களும் தேர்வு வாரியங்களும் கட்டணம் வாங்காமல் சரிபார்த்துத் தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

வரைவுப் பட்டியல் வெளியானதும் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பெயர், பதிவு எண், எந்த ஊர் நீதிமன்றம் என்ற மூன்றையும் பாருங்கள். பிழை இருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். போனில் கிளார்க்கிடம் சொன்னேன், சரி பண்ணிடுறோம் என்றார் என்பது பின்னால் எந்த மன்றத்திலும் நிற்காது. சந்தா ரசீது, பார் தேர்வுச் சான்று, தொழில் தொடக்கக் கடிதத்தின் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஆட்சேபத்துக்குப் பதிலே வராவிட்டால், அல்லது காரணம் சொல்லாமல் மறுத்தால், இரண்டு வழி உண்டு. மாநில பார் கவுன்சிலின் முடிவை இந்திய பார் கவுன்சில் 48-ஏ பிரிவில் மறுபரிசீலனை செய்யலாம். பார் கவுன்சில் சட்டத்தால் உருவான அமைப்பு என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். இரண்டுக்கும் இதுதான் காலம்.

தேர்தல் நடைமுறை தொடங்கிய பிறகு நீதிமன்றங்கள் கை வைக்கத் தயங்கும். இந்தக் கொள்கைக்கு மூலமே நம் ஊர் வழக்குதான். 1951-ல் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளினார். அவர் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகத்தான் கேட்க வேண்டும், நடுவில் நிறுத்த முடியாது என்று 1952-ல் தீர்ப்பானது. அது சட்டமன்றத் தேர்தல், அரசியல் சாசனத்தின் 329-வது பிரிவில் எழுந்த வழக்கு. ஆனாலும் மற்ற தேர்தல்களிலும் நீதிபதிகள் அந்த மனப்போக்கையே கடைப்பிடிக்கிறார்கள். நிற்பது அடிப்படை உரிமை கிடையாது, சட்டம் கொடுத்த உரிமைதான் என்பது 1982-ல் ஜோதி பாசு வழக்கில் உறுதியானது. சட்டம் கொடுத்தது என்றால் சட்டம் போட்ட கெடுவுக்குள்தான் கேட்க முடியும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எனக்குத் தேர்தல் தேதியே தெரியவில்லை, அறிவிப்பு வரவில்லை என்று வழக்குப் போடலாம் என நினைப்பவர்கள் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 14-வது பிரிவைப் படிக்க வேண்டும். தேதிக்கு 30 நாளுக்குக் குறையாமல் அரசிதழில் அறிவிப்பு வந்திருந்தால், தனிப்பட்ட முறையில் தகவல் வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தேர்தலைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே வாட்ஸ்ஆப் குரூப்பை நம்பாமல் அரசிதழைப் பாருங்கள்.

மனுவும் பணமும்

2025 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் மாநிலத் தேர்தல்களுக்கான வேட்புமனுக் கட்டணத்தை 1.25 லட்சம் ரூபாய் என்று வைத்தது. திரும்ப வராத பணம். இதையும், 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு. உள்ளே வர 750, நிற்க அதைப்போல 166 மடங்குக்கும் மேல். தேர்தல் நடத்தச் செலவாகும் என்பது உண்மைதான். மாவட்டம் மாவட்டமாக வாக்குச்சாவடி, மேற்பார்வை, எண்ணிக்கை என்று இழுக்கும். ஆனால் முன்சீஃப் கோர்ட்டில் தொழில் செய்யும் ஒரு முதல் தலைமுறை வக்கீலுக்கு இது எட்டாத தொகை. என் கருத்தில் இந்தக் கட்டணம் ஆட்களை வடிகட்டுகிறது, தவறான சல்லடையால்.

மனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயரும் பதிவு எண்ணும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். அவர்களும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரிசீலனை நாளில் நேரில் இருங்கள். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வர வேண்டும்.

தொழிலோடு வேறு வருமானம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்து நிற்பவரும் வக்கீல்தான், கம்பெனி ஆவணங்களைத் தோண்டுவது அவருக்குக் கைவந்த கலை. வக்கீல் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி 47. ஒரு கம்பெனியில் டைரக்டராக இருக்கலாம், நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ இருக்கக் கூடாது என்பது விதி 48. முழுநேரச் சம்பளத்தில் இருக்கக் கூடாது என்பது விதி 49. மைத்துனர் கேட்டாரே என்று ஏதோ ஒரு கம்பெனியில் நிர்வாக இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டவர்கள், மனுப் போடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ளட்டும். இது தேர்தலோடு முடியாமல் ஒழுங்கு நடவடிக்கையாகவும் மாறலாம்.

ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது

இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். சட்டமன்றத் தேர்தல் போல அதிக ஓட்டு வாங்கிய 25 பேர் ஜெயிப்பதில்லை. ஒற்றை மாற்று வாக்கு முறை. மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதும் இதே முறையில்தான்.

வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினால் சினிமா போஸ்டர் அளவுக்கு விரியும். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். யாரை முதலில் விரும்புகிறோமோ அவர் பெயருக்கு எதிரே 1 என்ற எண்ணை எழுத வேண்டும், அடுத்தவருக்கு 2, பிறகு 3. குறைந்தது எத்தனை பேருக்கு எண் போட வேண்டும் என்று அந்தந்தத் தேர்தலின் அறிவுறுத்தலில் இருந்தால் அதையும் பின்பற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் டிக் அடித்தால் சீட்டு செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டாலும் செல்லாது. 1 போடாமல் 2-லிருந்து ஆரம்பித்தாலும் செல்லாது. கையெழுத்தோ, ஆளை அடையாளம் காட்டும் குறியோ இருந்தாலும் செல்லாது. ஆயிரக்கணக்கான பக்க மனுக்களைப் படிப்பவர்கள் இப்படித் தவறுவார்களா என்றால், தவறுகிறார்கள்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. செல்லுபடியான ஓட்டு 52,000 என்று வைத்துக்கொள்வோம். இடம் 25. அதோடு ஒன்றைக் கூட்டினால் 26. 52,000-ஐ 26-ஆல் வகுத்தால் 2,000. அதோடு 1 சேர்த்தால் 2,001. இதுதான் கோட்டா. முதல் விருப்ப ஓட்டிலேயே 2,601 வாங்கிய ஒருவர் உடனே ஜெயித்துவிடுவார். அவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த 600 வீணாகாது, அவருடைய ஓட்டர்கள் இரண்டாவதாக யாருக்கு எண் போட்டார்கள் என்று பார்த்து, உரிய விகிதத்தில் மற்றவர்களுக்குப் போகும். பிறகு கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார், அவர் சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மாறும். இப்படியே சுற்று சுற்றாகப் போகும். எண்ணிக்கை பல நாட்கள் இழுப்பது இதனால்தான்.

முதல் விருப்பத்தில் 900 ஓட்டு மட்டும் வாங்கியவர் கடைசியில் உள்ளே போவதும், 1,200 வாங்கியவர் வெளியே நிற்பதும் இந்த முறையில் சாதாரணம். அதனால் "எனக்கு 1 போடுங்க" என்று மட்டும் கேட்டுத் திரிபவர் பாதி வேலைதான் செய்கிறார். வேறொருவருக்கு 1 என்று வாக்குக் கொடுத்துவிட்ட வக்கீலிடமும், அப்படியென்றால் எனக்கு 2 என்று கேட்பவர்தான் எட்டாம், பத்தாம் சுற்றுகளில் மேலே வருவார். சாதி, ஊர், சங்கம் என்று ஒரே வட்டத்துக்குள் சுற்றுபவரைவிட எல்லாருக்கும் இரண்டாவது நண்பராக இருப்பவருக்கு இந்த முறை கைகொடுக்கும்.

எண்ணும் இடத்தில் உங்கள் ஏஜென்டாக, கணக்குப் புரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். செல்லாது என்று ஒதுக்கிய சீட்டின் மீதும், மாற்றிய ஓட்டின் மதிப்பின் மீதும் ஆட்சேபம் இருந்தால் அந்தச் சுற்று முடியுமுன் எழுத்தில் கொடுக்க வேண்டும். சீட்டுகள் கட்டப்பட்டுச் சீல் வைத்த பிறகு வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

பிரசாரத்தில் சறுக்கும் இடங்கள்

பிரியாணி, பரிசுப்பை, சொகுசு விடுதியில் "கலந்துரையாடல்" எல்லாம் நடக்காத தேர்தல் இல்லை என்று வக்கீல்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் தேர்தல் குற்றம் செய்ததாகத் தேர்தல் தீர்ப்பாயம் கண்டால், அவர் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்தே போகும், அடுத்த தேர்தலிலும் நிற்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் தேர்தலில் ஒன்றை இழப்பது என்றால் ஒரு பத்தாண்டைக் கொடுத்தது போலத்தான். வேலை தேடி விளம்பரம் செய்யக் கூடாது என்கிற 36-வது விதி தேர்தல் காலத்தில் தூங்கிவிடாது. நான் ஜெயித்த கேஸ்கள், என் ஆபீஸ் முகவரி, சிறப்பாகக் கையாளும் துறைகள் என்று துண்டறிக்கை அடித்தால் அது ஓட்டுக் கேட்பதா, கட்சிக்காரரைக் கூப்பிடுவதா என்ற கேள்வி வரும்.

பொய்ச்செய்தி இன்னொரு பக்கம். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, வேட்பாளர் விலகிவிட்டார் என்று வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு செய்தி போனால், உடனே அதைப் படம் பிடித்து வைத்து, சைபர் கிரைம் போலீசிலும் தேர்தல் அதிகாரியிடமும் ஒரே நேரத்தில் புகார் கொடுங்கள். அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். தேர்தல் அதிகாரியிடம் கொடுத்த புகார்தான் பின்னால் தேர்தல் மனுவில் ஆதாரமாகப் பயன்படும்.

கவுன்சிலை விமர்சித்துப் பேசினால் நிற்க முடியாதா? 2021 ஜூனில் இந்திய பார் கவுன்சில், நீதிபதிகளையோ பார் கவுன்சிலையோ இழிவாகப் பேசுவது ஒழுங்கீனம், தேர்தலில் நிற்கவும் தடை வரலாம் என்று விதியைத் திருத்தியது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு இது புதிதல்ல. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் புதிய ஒழுங்கு விதிகளை எதிர்த்துப் போராடியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வக்கீல்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. அந்த 14-ஏ முதல் 14-டி வரையிலான விதிகளை உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் ஆர். முத்துகிருஷ்ணன் வழக்கில் செல்லாது என்றது. ஆகவே நிர்வாகத்தையும் கணக்கையும் கேள்வி கேளுங்கள், ஆதாரத்தோடு கேளுங்கள். ஆளைத் தாக்கிப் பேசுவதுதான் வில்லங்கம்.

தோற்ற பின், ஜெயித்த பின்

முடிவு வந்த பிறகு இருக்கும் வழி தேர்தல் மனு. தேர்தல் தகராறுகளை யார், எப்படி இறுதியாகத் தீர்ப்பது என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ் விதி செய்துகொள்ளும் அதிகாரம் மாநில பார் கவுன்சிலுக்கு இருக்கிறது. அந்த விதியில் உள்ள கெடு நாட்கணக்கில்தான் இருக்கும். ஆகவே முடிவு அறிவித்த அன்றே விதியின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முறைகேடு நடந்தது என்றால் மட்டும் போதாது. அதனால் முடிவே மாறியிருக்கும் என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்குத்தான் முன்னே சொன்ன எழுத்து ஆட்சேபங்களின் நகல்கள்.

மற்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. ஆடிட்டர்களின் கவுன்சில் தேர்தலில் தகராறு என்றால், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் செயலாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும், அது மத்திய அரசு அமைக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும். உள்ளூர் பார் அசோசியேஷன், டாக்டர்கள் சங்கம் போன்றவை சட்டம் உருவாக்கிய கவுன்சில்கள் அல்ல, பதிவு பெற்ற சங்கங்கள். அங்கே சங்கத்தின் துணைவிதிதான் சட்டம். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில் பதிவாளர் விசாரிக்கலாம், அல்லது சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரே வக்கீல் மூன்று அசோசியேஷனில் உறுப்பினராக இருந்து மூன்றிலும் ஓட்டுப் போடுவதைத் தடுத்தது 2011-ல் பி.டி. கௌசிக் வழக்குத் தீர்ப்பு. ஒரு வக்கீல், ஒரு பார், ஒரு ஓட்டு.

ஜெயித்தவருக்கும் ஆபத்து உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 48-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நல்லெண்ணம் இல்லாததற்குத் தராது. பொதுக் கடமை செய்யும் பதவி என்பதால், புகாரை முடித்துத் தருகிறேன் என்று பணம் வாங்கினால் ஊழல் தடுப்புச் சட்டம் வரலாம். கட்சிக்காரர் கொடுத்த புகாரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36-பி. குழுவின் முடிவில் திருப்தி இல்லாதவர் 60 நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கும், அடுத்த 60 நாளில் உச்ச நீதிமன்றத்துக்கும் அப்பீல் போகலாம். இது வக்கீலுக்கும் உண்டு, புகார் கொடுத்தவருக்கும் உண்டு.

தக்க காரணம் இல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்று கவுன்சில் அறிவித்தால், அந்த உறுப்பினரின் பதவி போய்விடும் என்பது 10-பி பிரிவு. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது 12-வது பிரிவு. ஏற்கெனவே உறுப்பினராக இருந்துவிட்டு மறுபடி ஓட்டுக் கேட்டு உங்கள் சேம்பருக்கு வருபவரிடம், போன முறை எத்தனை கூட்டத்துக்கு வந்தீர்கள், எத்தனை புகாரை முடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. பார் கவுன்சில் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பு. வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்க விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.